மேலணைப் பலகை

"மேலணைக்குப் போக வேண்டாங்கிறேன், காதுல விழலையா? பீப்பாய்ல இருக்குற—"

"பீப்பாய்த் தண்ணியில நீர்மாலையா? நாலு பேரு காறித் துப்புவான் அண்ணி! ஓடுற தண்ணிதான்—"

"—ரெண்டு குடம் கெடக்கு, அது போதும்னு சொல்றேன்—"

"—எங்கப்பனுக்கு ஆத்துல எடுத்தோம். எங்கண்ணனுக்கு மட்டும் பீப்பாயா? நடக்காது!"

நல்லம்மாளும் அவள் கொழுந்தன் அப்பாவுவும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவே பெஞ்சில் வாய்க்கட்டோடு கிடந்தார் அவள் புருஷன் சின்னையா. உயிரோடிருந்தால், "வெளியில போய்க் கத்துங்க" என்றிருப்பார். விடியும்போதுதான் மூச்சு நின்றது. பிள்ளையில்லாத வீடு. அண்ணனைக் குளிப்பாட்ட ஓடும் தண்ணீரை முறையாக எடுத்துவருவதும், கொள்ளி போடுவதும் தம்பிதான்.

அப்பாவு குரலைத் தாழ்த்தினான். "தொட்டி காஞ்சு கெடக்கு. பொம்பளைங்க வாளியோட நிக்கிறாங்க. என்ன பேசுறாங்க தெரியுமா?"

"என்ன பேசுறாங்க?"

"சாகுற அன்னிக்கும் லயத்துத் தண்ணிய ஈயச் சுரங்கத்துக்குத் தாரை வார்த்துட்டாராம்."

"நீ என்ன சொன்னே?"

அவன் முகத்தைத் திருப்பினான். "போன வாரம் சுரங்கத்துத் தவுக்கே அண்ணனுக்கு ஒரு டின் பிஸ்கட்டு குடுத்தான்ல…"

"அதுல பாதி உன் புள்ளைங்கதானே தின்னுச்சு!"

அப்பாவு வாசலில் இறங்கினான். லயத்துக்காரர் ராமையாவைக் கூட்டிக்கொண்டு, இரண்டு குடத்தோடு மலைப்பக்கம் நடந்துவிட்டான்.

நல்லம்மாள் தலைமாட்டில் சரிந்து உட்கார்ந்தாள். போகிறார்கள். போனால் பார்த்துவிடுவார்கள். எதைப் பார்ப்பார்கள் என்றுதான் அவளுக்கே தெரியவில்லை.

மலாயாவில், தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி மலையடியில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பாறையைப் புரட்டிக்கொண்டு இறங்கும். மாசியில் அதே ஆற்றில் கணுக்கால் நனையாது. மேலே, காட்டுக்குள், அணை கட்டிய இடத்தில் தண்ணீர் இரண்டு வாயாகப் பிரியும். ஒன்று சீன முதலாளி தவுக்கேயின் ஈயச் சுரங்கத்துக்கு, இன்னொன்று தோட்டத்தாட்கள் குடியிருக்கும் லயத்துத் தொட்டிக்கு. வறண்ட மாசத்தில் பகலெல்லாம் சுரங்கத்துக்கு, பொழுது சாய்ந்தால் தொட்டிக்கு என்பது துரை போட்ட ஏற்பாடு. இருப்பது ஒரே பலகை. காலையில் தொட்டி வாயை அடைக்க வேண்டும், சாயங்காலம் அதைப் பிடுங்கிச் சுரங்க வாயில் செருக வேண்டும். பதினோரு வருஷமாகச் சின்னையா செய்தது அதைத்தான்.

நேற்றுக் காலையும் காய்ச்சலோடு ஏறிப் போய் வந்தார். சாயங்காலம் உட்காரக்கூட முடியவில்லை.

"நீ போய் மாத்திட்டு வந்துரு நல்லம்மா. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா கங்காணி வேற ஆளப் போட்டுருவான்."

"எனக்கு எந்த வாயி எதுன்னு—"

"போனாத் தெரியும். சுரங்கத்து வாயில செருகு. போ."

போனாள். பலகை எந்த வாயிலும் இல்லை. பாறைமேல் கிடந்தது. காலையில் நடுங்கிக்கொண்டு வந்தவர் செருகத் தெம்பில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நூலாக வந்த தண்ணீர் இரண்டு பக்கமும் கசிந்து, இரண்டு பக்கமும் புதருக்குள் மறைந்தது. கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து போயிருந்தால் எந்த வாய் எதற்கு என்று தெரிந்திருக்கும். புலி வரும் காடு, இருட்டப் போகிறது, வீட்டில் அவர் தனியாகக் கிடக்கிறார். ஒரு வாயில் பலகையைச் செருகி, சந்துக்குச் சேறு அப்பிவிட்டு ஓடிவந்தாள்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"தண்ணி?"

"ஓடுது."

"சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

தொட்டி காய்ந்தது அவள் கையாலா, மாசியாலா? மலையே வற்றிப்போன வருஷமும் உண்டுதானே? வாயைத் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால், தாலி இழந்தவளுக்கு இந்த லயத்து அறையாவது மிஞ்சுமா?

"அழுதுரு அக்கா. அழாம இருக்காதே" என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா.

"வரமாட்டேங்குது வீரம்மா. என்னமோ ஒண்ணுமே வெளங்கல."

வெயில் ஏறியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திக் காதைத் தீட்டினார்கள். தொட்டிக் குழாய் இருமியது. பிறகு கொட கொடவென்று சத்தம்.

"தண்ணி! அடியே, தண்ணி வந்துருச்சுடி!"

பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அத்தனை பேரும் வாளியைத் தேடி ஓடினார்கள். வீரம்மா வாசல்வரை போய், வெட்கப்பட்டுத் திரும்பி வந்தாள். "ஒரு வாளி மட்டும் வச்சுட்டு வந்துறவாக்கா?"

"போ."

குடம் தூக்கிப் போனவர்கள் திரும்பியபோது வேட்டியெல்லாம் ஈரம். அப்பாவுவின் நகக்கண்ணெல்லாம் சேறு. வாசலில் நின்று, யாரும் கேட்பதற்கு முன்னால் உரக்கச் சொன்னான்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கண்ணன் வச்ச பலகை வச்ச எடத்துலதான் இருந்துச்சு. ரப்பர் எலை வந்து வாயை அடைச்சுக்கிச்சு. மாசி மாசம்ல? ஒரே எலை லா. அள்ளிப் போட்டோம், வந்துருச்சு. இல்லையா ராமையாண்ணே?"

ராமையா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா… எலைதான்" என்றார்.

"தங்கமான மனுசன, வாயி கூசாமப் பேசிட்டோமே" என்றாள் ஒருத்தி. ஒப்பாரி மறுபடியும் எழுந்தது, முன்னைவிடச் சத்தமாக.

நல்லம்மாள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் பார்வை இவள் பக்கமே வரவில்லை. மேலணைக்கு மேலே ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. எல்லாம் காடு. அப்படியானால் அவன் அங்கே கண்டது என்ன? கண்டதை அண்ணன் செய்தது என்று நம்பிக்கொண்டா இந்தப் பொய்யைத் தூக்கிவந்தான்? இன்றைக்குக் கொள்ளி வைப்பான். வைத்துவிட்டு, அந்த பிஸ்கட்டு டின்னை எத்தனை காலம் மனசுக்குள் வைத்திருப்பான்?

வாசலில் பெஞ்சைப் போட்டு உடம்பைக் கிடத்தினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்தாயிற்று. அப்பாவு குடத்தைச் சாய்த்தான். மலைத் தண்ணீர் சின்னையாவின் நெற்றியில் விழுந்து, காதோரம் வழிந்து, பலகைச் சந்தில் இறங்கியது. அவன் இரண்டாவது குடத்துக்குக் குனிந்தபோது நல்லம்மாள் கிட்டே வந்து நின்றாள். அழுதவர்கள் அவள் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"தம்பி, அந்தப் பலகைய வச்சது உங்கண்ணன் இல்ல. நான்தான்."