யாரும் தொடாத புட்டி

யாரும் தொடாத புட்டியிலிருந்து மாத்திரை குறைந்துகொண்டே இருந்தது.

புட்டி எங்கள் கண்ணெதிரில், நான் செய்த எடைத்தட்டின்மேல்தான் இருந்தது, மூடி இறுகியபடி. இருந்தும் நாத்தனாரின் ஃபோன் 'மாத்திரை எடுத்தாச்சு' என்று மணியடித்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும்.

"அப்பாவாவது ஒரு நாளைக்கு ஒரு பொய்யோட நிறுத்திக்குவாரு அண்ணி. இது அவரையே தூக்கிச் சாப்பிட்டுடும் போல," என்றாள்.

அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், ரத்த அழுத்த மாத்திரையைத் தொடாமலே "ஆச்சும்மா" என்று சொல்வதில் கெட்டிக்காரர். அவருக்காகத்தான் இந்த எடைத்தட்டைச் செய்தேன். வார இறுதிக்குள் ஒரு தொழிலை உருவாக்கிக் காட்டும் இந்தப் போட்டிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தது பரிசுக்காக. ஜெயித்தால் பொதுப் பட்டறை ஒன்றில் ஆறு மாதத்துக்கு எனக்கென்று ஒரு மேசை. வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் என் வேலை. சாப்பாடு எடுத்து வைக்கும் நேரம் வந்தால் கம்பி, கருவி எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் போட வேண்டும். மறுநாள் எது எங்கே என்று தேடவே பாதிப் பொழுது போய்விடும்.

தட்டுக்குள் பெரிய மாயம் ஏதுமில்லை. அடியில் ஓர் அலுமினியத் துண்டு. மேலே கனம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி அந்த வளைவுக்கேற்ப இழுபடும்; இழுபடுவதை மின்சுற்று எண்ணாக மாற்றும். காலையில் பார்த்த எடையைவிட ஒரு மாத்திரையளவு குறைந்தால் ஃபோனுக்குச் செய்தி போகும். வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இந்தக் கூடத்தில் ஏசிக் காற்று நேராக எங்கள் மேசைமேல் விழுந்தது. குளிரில் அலுமினியமும் கம்பியும் மெல்ல மாறின. எண்ணும் மெல்ல இறங்கியது. துப்பட்டாவைச் சுற்றிப் பார்த்தேன். இறங்கும் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

எங்களுக்கென்று ஒதுக்கிய ஆலோசகர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஏம்மா மண்டைய உடைச்சுக்கிறீங்க? மேசைக்கு அடியில ஒரு பொத்தான் வைங்க. நீங்க புட்டியத் தூக்கும்போது இவங்க அமுக்கட்டும், ஃபோன் அடிக்கும். எல்லாரும் பண்றதுதான்."

"நான் பண்ண மாட்டேன் சார்."

"பரிசு வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா பொய் சொல்றவரக் கண்டுபிடிக்கிற தட்டு சார் இது. அதுவே பொய் சொல்லிக்கிட்டு மேடை ஏறணுமா?"

"அப்ப வேலை செய்யலைன்னு மேடையில நின்னு சொல்லப்போறீங்களா?"

"வேலை செய்யலைன்னா அதத்தான் சொல்வேன்."

உங்கள் பாடு என்பதுபோல் கையை விரித்துவிட்டுப் போனார். நாத்தனாருக்கு ஆற்றாமை.

"ஒரே ஒரு பொத்தான் அண்ணி. அமுக்கப் போறது நான்தானே?"

"நாளைக்கு உங்க அப்பா மாத்திரை எடுக்காதப்பவும் நீயே அமுக்குவியா?"

"அப்ப மூட்டையக் கட்டுங்க." வெடுக்கென்று புட்டியை எடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டில் வைத்தாள்.

மடிக்கணினித் திரையில் எடைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை சரிவான சாலைபோல் இறங்கிவந்த கோடு, அவள் எடுத்த கணத்தில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் செங்குத்தாக விழுந்து, வைத்ததும் அப்படியே மேலே ஏறியிருந்தது.

"இன்னொரு தடவ எடு," என்றேன்.

"கோவிச்சுக்கிட்டா, கோவிச்சுக்காமலா?"

"எப்படியோ எடு."

எடுத்தாள், வைத்தாள். மறுபடியும் கிணறு. தட்டின் நிரலில் காலை எடையைப் பற்றிய வரியை அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்.

மேடையில் புட்டியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெரிய திரையில் எண் எல்லோரும் பார்க்க இறங்கியது. "இது தப்பான எண். மறைக்கப்போறதில்ல," என்றேன். முன்வரிசையில் ஆலோசகர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஃபோன் வாயைத் திறக்கவில்லை. பிறகு புட்டியை எடுத்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, மூடிபோட்டு வைத்தேன். மணி அடித்தது.

"எடுத்துக் குப்பையில போட்டா?" என்றார் ஒரு நடுவர்.

"எங்க அப்பா போடுவாரு," என்றாள் நாத்தனார். "அதுக்கு அடுத்த வருஷம் வர்றோம்."

கூடம் சிரித்தது. பட்டறை மேசையின் சாவி கைக்கு வந்த பிறகு ஆலோசகர் பக்கத்தில் வந்தார்.

"பொத்தான் எங்க வச்சீங்க?"

"பொத்தானே இல்ல சார்," என்று சொல்லி விளக்கினேன். குளிர் எடையை மெதுவாக மாற்றும். கை சட்டென்று மாற்றும். அதனால் தட்டு இப்போது காலை எடையைப் பார்ப்பதில்லை. புட்டியைத் தூக்குவதற்குச் சற்று முன் இருந்த எடையையும், திரும்ப வைத்ததும் இருக்கும் எடையையும் மட்டும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் ஒரு மாத்திரையளவு இருந்தால் மணி அடிக்கும். யாரும் தூக்காவிட்டால் அடிக்காது.