ஒரு சாண்

"இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா," என்று நூலகர் அந்தச் சாம்பல் நிறச் சட்டையை மேசைமேல் வைத்தார். தையல்காரம்மாள் அதை உள்பக்கமாகத் திருப்பினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு தையல் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் போட்டவள் அவள்தான், இந்த நான்கு மாதத்துக்குள்.

எழுந்து நூலகரின் இடுப்பைச் சுற்றி டேப்பை வளைத்தாள். இருபத்தேழு. அளவு நோட்டில் முந்தைய இரண்டும் அவள் கையெழுத்திலேயே இருந்தன: முப்பது, இருபத்தெட்டரை.

"வேலை செய்யற இடத்துல எல்லாரும் கேக்கறாங்க, என்ன ரகசியம்னு," என்று நூலகர் சிரித்தார். சிரிக்கும்போது கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன.

தையல்காரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு பள்ளிக்கூட டீச்சர் மாதத்துக்கொரு முறை துணியைப் பிடிக்கச் சொல்லி வந்தாள். 'இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கீங்க' என்று இவளும் வாய் நிறையச் சொல்லி வைத்தாள். ஆறாவது முறை கொடுத்த துணியை வாங்கிப்போக அந்த டீச்சரின் தங்கைதான் வந்தாள். 'அக்கா இனி வர மாட்டா' என்று துணியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டரைப் பாருங்க என்று சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் அன்றிலிருந்து முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

"இதை நான் பிடிச்சுத் தர மாட்டேன்," என்றாள்.

"ஏன்கா, துணி தாங்காதா?"

"துணி தாங்கும். நீங்க கடைசியா எப்ப எடை பார்த்தீங்க?"

நூலகரின் முகம் சுருங்கியது. "அம்மா போனதுலேர்ந்து அடுப்பு பத்த வைக்கவே தோணல. ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கறது? டீ, ரொட்டின்னு ஓடுது." சட்டையை இழுத்து மடிக்க ஆரம்பித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "என்னைக் கேக்கறீங்களே, நீங்க எப்ப பார்த்தீங்க?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தையல்காரம்மாள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எடை மெஷினைக் கண்டால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுகிறாள்.

"பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. பயம்தான்," என்றாள். பிறகு மின்விசிறியை நிறுத்தினாள். "வாங்க, ரெண்டு பேருமே போய்ப் பார்த்துடுவோம்."

சுகாதார நிலையத்தில் கூட்டமில்லை. தையல்காரம்மாள் செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்த கத்தரியையும் சாவிக்கொத்தையும் எடுத்து வைத்தாள். கடைசியில் தலையிலிருந்த ஊசியையும் உருவினாள்.

"அம்மா, மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை குறையாது. விடுங்க," என்றாள் நர்ஸ்.

உயரத்தையும் எடையையும் வைத்து நர்ஸ் பி.எம்.ஐ. கணக்குப் போட்டாள். பதினெட்டரையிலிருந்து இருபத்தைந்துக்குள் இருந்தால் சரி. ஆனால் நம்ம ஊர் உடம்புக்கு இருபத்து மூன்றைத் தாண்டினாலே கவனமாக இருப்பது நல்லது என்றாள். நூலகருக்குப் பதினேழு. தையல்காரம்மாளுக்கு முப்பத்திரண்டு. "அந்த நம்பர் மட்டும் போதாது. இடுப்பு உங்க உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். உங்க கழுத்துலதான் டேப் தொங்குதே, நீங்களே பாருங்களேன்."

தையல்காரம்மாள் தன் உயரத்தில் பாதியை டேப்பில் விரலால் பிடித்துக்கொண்டு இடுப்பைச் சுற்றினாள். இரண்டு முனையும் சேரவில்லை. நடுவே ஒரு சாண் வயிறு. "ஊர் இடுப்பையெல்லாம் அளந்தேன், என்னுதை விட்டுட்டேனே," என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள். நூலகரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நூலகரிடம் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார். "சரியா சாப்பிடாததால இளைச்சிருக்கலாம். வேற ஏதாவது காரணம் இருக்கான்னும் பார்த்துடணும். மூணு நாள்ல ஃபோன் பண்ணுவோம்."

வெளியே வாசல்படியில் நூலகர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"அம்மா போனப்புறம் என்னைத் தொட்டது உங்க டேப் ஒண்ணுதான்கா. அதுக்காகத்தான் வந்துட்டு வந்துட்டுப் போனேனோ என்னவோ."

தையல்காரம்மாள் அந்தக் குறுகலான படியில் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைலேர்ந்து மத்தியானம் கடைக்கு வந்துடு. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைச்சுக் கொண்டு வரேன். சாயங்காலம் நீ என்னை நடக்க வை." 'நீ' என்று சொல்லிவிட்டது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நூலகர் வந்தார். முதல் நாள் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் இன்னொரு கரண்டி கேட்டார். மாலையில் தெருவைச் சுற்றி வரும்போது தையல்காரம்மாள் நாலு இடத்தில் நின்று, நர்ஸையும் டாக்டரையும் தன் முழங்காலையும் திட்டித் தீர்த்தாள். நூலகர் அவசரப்படுத்தாமல் கூடவே நின்றார்.

மூன்றாம் நாள், வெட்டிய துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு இருவரும் மேசையில் எதிரெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நூலகரின் ஃபோன் அடித்தது. சுகாதார நிலையத்து எண். தட்டுக்குப் போன கை பாதியில் நின்றது.

"வாயில இருக்கறதை முழுங்கிட்டு எடு," என்றாள் தையல்காரம்மாள்.

நூலகர் நிதானமாக மென்றார். ஃபோன் துணித்துண்டுகளின் மேல் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. தையல்காரம்மாள் ஒரு கையால் அதைப் பிடித்து நிறுத்தி, மறு கையால் நூலகரின் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.