மூன்று சர்வரில் ஒரு பெயர்

1

அன்று கீரனூர் வீட்டில் இருந்தவர்கள்: ஷேக் தாவூதாகிய நான், என் மகன் அஸ்வர், என் தம்பி மகள் சாமியா. பொன்னமராவதியில் போனும் கையுமாக இருந்த என் தங்கை சம்சுன் நிஹாரையும் சேர்க்க வேண்டுமா? தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறைப் பெயர்களும் இன்று இணையத்தில்..." பெருமை பேசுகிறது. வேண்டாம்.

இரண்டாவது: எங்கள் குடும்ப வரலாற்றுக்காகச் சாமியா ஓர் இணையப் பக்கம் அமைத்தாள். வாடகைக்கு எடுத்த மூன்று சர்வர்களில் அது ஓடுகிறது. மூன்று சர்வர் என்றால் மூன்று நகல் என்று எடுத்துக்கொண்டேன். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் வேறெப்படி நினைப்பேன்? மூன்றாவதில், சும்மா பார்ப்பதற்காக, தங்கையின் பெயரை எடுத்துவிட்டேன்.

[சும்மா என்ற சொல்லில் எனக்கே சந்தேகம். முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்களைக் கேட்காமல் நிக்காஹ் செய்துகொண்டவள் அவள். "குடும்ப மானத்தை உத்தேசித்து நான்..." இதை முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

3

அதே நேரத்தில் தன் மகள் ஹஃப்சாவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தங்கை அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். போன் வந்தது.

"அண்ணே, அத்தாவுக்குப் பிள்ளைங்க மூணு பேருல்ல? இதுல ரெண்டுதான் இருக்கு. அப்ப நீங்க யாருன்னு வந்தவங்க என்னையக் கேக்குறாங்க."

சாமியாவைப் பார்த்தேன். "நான் மூணாவதுலதானே எடுத்தேன்?"

"சர்வருதான் மூணு, பெரியத்தா. ஃபைல் எல்லாம் ஒரே எடத்துல இருக்கு. மூணும் அங்கிட்டுப் போய்த்தான் எடுக்கும். எதுல அழிச்சாலும் அழிச்சதுதான்."

"அப்ப மூணு எதுக்கு?"

"ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணு நிக்கும்."

"அந்த எடத்தை யாரு பாத்துக்கிறா?"

"வாடகைக்கு விட்ட கம்பெனிதான். நீங்க சாவியத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்."

(அது எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன். மும்பையாம். எங்கள் அத்தா திருச்சியைத் தாண்டியதில்லை.)

கம்பெனி முந்தின நாள் எடுத்துவைத்த நகல் இருந்தது. பத்து நிமிடத்தில் சாமியா பெயரைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்குள் பொன்னமராவதியில் வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

4

"சர்வர் கோளாறுன்னு மாமிகிட்டச் சொல்லிர்றேன் அத்தா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அஸ்வர். தங்கைக்குப் போன் போட்டு அப்படியே சொன்னான். நான் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

தங்கை மன்னித்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அவள் அப்படிச் சொல்லவில்லை, அடித்துவிட்டேன். வந்தவர்கள் மறுபடி வந்தார்கள் என்று இன்னொன்று. அதை எழுத எனக்கு உரிமை இல்லை. அந்த முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையும் அந்த ஃபைல்களோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. அவளும் திறந்து படிக்கலாம்.

ஒன்றை மட்டும் திருத்துகிறேன். சர்வர் கோளாறில் பெயர் விடுபட்டுப் போனதாகப் பொன்னமராவதியில் பேசிக்கொள்கிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. அழித்தவன் நான்.