சிதம்பரம் தாண்டியதும்

சிதம்பரம் தாண்டியதும் அம்மாவின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவி விழுந்தது. செந்தமிழ் குனிந்து எடுத்து, அம்மாவின் விரல்களை மடக்கி உள்ளே வைத்தாள். அது மறுபடியும் உருண்டு முன்சீட்டுக்கு அடியில் போனது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். காரில் ஏறினாலே அம்மா திரௌபதிக்குக் குமட்டும். மாத்திரை போட்டுக்கொண்டு, பழத்தை முகர்ந்தபடியே தூங்கிவிடுவாள். மதுரை, கன்னியாகுமரி, ராமேசுவரம் என்று நான்கு நாளும் அப்படித்தான் வந்தாள். செந்தமிழ் நோட்டில் எழுதினாள்: ‘சிதம்பரம், 1.10. அம்மா தூங்குகிறாள்.’

பெரிய முதலியார்சாவடியில் தம்பி சதீஷ் இளநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தியபோது மணி மூன்றே கால்.

“எழுப்புக்கா. எளநீ குடிக்கட்டும்.”

தோளைத் தொட்ட செந்தமிழின் கை அங்கேயே நின்றது.

பக்கத்துக் கிளினிக் டாக்டர் காருக்கே வந்து பார்த்தார். உயிர் போய் இரண்டு மணி நேரமாவது இருக்கும் என்றார்.

சதீஷ் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஊட்டுக்குள்ள உடமாட்டாங்கக்கா” என்றான்.

வெளியூரில் செத்தவர்களை அவர்கள் ஊரில் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தி அப்படியே எடுத்துவிடுவார்கள். ஊர் எல்லைக்குள் உயிர் போயிருந்தால்தான் கூடம். அந்தக் கூடம் அம்மா கட்டியது. முப்பது வருடம் அளத்தில் உப்பு வாரிச் சுமந்து, போன தை மாதம்தான் தரைக்கு டைல்ஸ் போட்டாள். செருப்போடு எவனாவது காலை வைத்தால் அவ்வளவுதான்.

கோடையில் அம்மா அளத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. இந்த ஒரு வருடம்தான், மகள் நாள் குறித்து, வழி எழுதி, கையைப் பிடித்து இழுத்துவந்தாள். இந்த வெயிலில் கூட்டி வந்திருக்கக் கூடாதோ? பழம் இரண்டு தடவை விழுந்தும் தெரியாமல் போயிற்றே? செந்தமிழ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வண்டிய எடு. பேசறத நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத.”

“பெரிப்பா கேப்பாருக்கா.”

“கேக்கட்டும்.”

கீழ்புத்துப்பட்டு தாண்டியது. கடைசியில் சாலையோரம் அளங்கள் வந்தன. அங்கிருந்து ஊர் எல்லை. உப்பின் வெள்ளையில் கண் கூசியது. அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு செந்தமிழ் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தபடி வந்தாள். சொல்வதற்கு அவளுக்கு ஒரு பாத்தி வேண்டியிருந்தது. பார்த்துவைத்த பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தாள்.

வாசலில் தெருவே கூடி நின்றது. அப்பா போனபிறகு வீட்டுக்குப் பெரியவரான பெரியப்பா சக்கரபாணி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எங்க போச்சும்மா உசுரு?”

“நம்ம அளத்தாண்ட, பெரிப்பா. மூணாவது பாத்தியக் காட்டி, ‘எவடி இவ, மண்ணும் உப்புமா வாரி வச்சிருக்கா, கைய ஒடிக்கணும்’னு சொல்லிச்சு. அப்படியே சாஞ்சிடுச்சு.”

அந்த நான்கு நாளும் அம்மாவுக்குப் பதிலாக அங்கே வாரியவள் மலர்கொடி. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. “அடிப்பாவி, போற நேரத்துலயும் என்னத் திட்டிட்டுதான் போயிருக்கா பாரு!”

சக்கரபாணி சிரிக்கவில்லை. தூக்குவதற்குக் காலைப் பிடித்தார். முழங்கால்கள் உட்கார்ந்தபடியே மடங்கி விறைத்திருந்தன. நீட்டிப் பார்த்தார். நீளவில்லை. எத்தனையோ சாவு பார்த்தவர். நிமிர்ந்து செந்தமிழைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை.

தோள் துண்டை உருவி அந்த முழங்கால்களின் மேல் போர்த்தினார்.

“முட்டி வலிக்காரி. எப்பவும் மடங்கித்தான் கெடக்கும்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “என்னடா பாத்துனு நிக்கிறீங்க? கூடத்துல பாய விரிங்க.”

வாசற்படியில் முதலில் செருப்பைக் கழற்றியவரும் அவர்தான்.

அம்மாவின் பையை எடுக்க செந்தமிழ் காருக்கு வந்தாள். முன்சீட்டுக்கு அடியில் பழம் கிடந்தது. வாசத்துக்காக அம்மா கீறிய நகக்குறி தோலில் காய்ந்திருந்தது. அதைப் புடவையில் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டைல்ஸ் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மடங்கிய விரல்களுக்குள் வைத்தாள்.

இந்தத் தடவை அது விழவில்லை.