டூர்லைஃபின் கடைசிப் பதிவு

கடற்பறவைக் குரல்களை எவரும் இணையத்தில் சுலபமாகக் கேட்கும்படி சின்னச் சின்னக் கோப்புகளாக்கிக்கொண்டிருந்தாள் நார்வேயின் டிரோம்சோ நகரத்துச் சுன்னிவா. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடமும் தேதியும் சொல்வது அவளுடைய கூட்டாளி டூர்லைஃபின் குரல். கடைசிப் பதிவன்றுதான் அவன் பாறையிலிருந்து விழுந்து செத்தான். செத்தவன் தேதி சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று, மிச்சத்தைக் கேட்காமலே அந்தத் தொடக்கக் குரலை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஏற்றினாள்.

பக்கத்து மேசை ஆஸ்பியோர்ன், சரியாக வருகிறதா என்று கடைசிப் பதிவை இறக்கிக் கேட்டான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஏய், அன்னைக்கு நீயும் கூடப் போனியா?"

"இல்லப்பா, காய்ச்சல்ல கெடந்தேன். தனியாத்தான் போனான். ஏன்?"

"பறவை கத்தி ஓஞ்சதும் அவனுக்கு மூச்சு வாங்குது. அப்புறம், 'சுன்னிவா, கைய விட்டுராத'ங்கிறான்."