மறுமுனையைப் பிடிக்க ஒருவர்

“சேது பாய், நீ துப்பாக்கிக்கு டாக்டரா?” என்று கல்ஃபான் தமது அரபி கலந்த இந்தியில் கேட்டார். சேதுமாதவன் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் ஒரு துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஆமாம் எப்படி வாயிலிருந்து புறப்பட்டது என்று பிற்பாடு யோசித்தபோது, வேலையைத் தவிர வேறொன்றைப் பற்றி ஒருவர் தம்மிடம் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்கு அகப்படவில்லை.

கல்ஃபானை அப்படிக் கேட்கவைத்தது மேசைமேல் கிடந்த புத்தகம். துப்பாக்கி பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கென்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய கையேடு அது. வளைகுடாவில், அல் கூஸ் தொழிற்பேட்டையில், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் ஆய்வகம் ஒன்றில் சேதுமாதவன் பொறுப்பாளர். அவருக்குமுன் அந்த நாற்காலியில் இருந்தவர் நாடு திரும்பும்போது இழுப்பறையில் விட்டுச்சென்ற பொருள்கள் மூன்று: ஒரு டை, ஒரு டப்பா பல்குத்தும் குச்சி, இந்தப் புத்தகம். டையையும் குச்சியையும் அப்புறப்படுத்திய சேதுமாதவன் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். மகள் ஷ்ருதியின் படிப்புக்காக மனைவி ஜெயபாரதி அவளோடு கோயம்புத்தூருக்குப் போய் மூன்று வருடமாகிறது. அந்த மூன்று வருடத்தில் புத்தகத்தை அவர் ஐந்து முறை முழுதாகப் படித்திருந்தார்.

சுடுவதில் அவருக்கு எந்த ஆசையும் இல்லை. முவைலா பகுதியில் இருந்த தமது ஒற்றைப் படுக்கையறை வீட்டில், சோற்றுத் தட்டுக்கு எதிரே அந்தப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டால் யாரோ பேசுவது போலிருக்கும். கதைப் புத்தகங்கள் யாரைப் பற்றியோ பேசின. செய்தித்தாள் யாரிடமும் பேசவில்லை. இந்த நூலோ வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம், ‘நீங்கள்’ என்று அவரையே விளித்தது. அவசரப்படாதீர்கள். இப்போது வெளிச்சத்தை இடப்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். கை களைத்திருந்தால் நாளைக்குச் செய்யுங்கள். ஏவல் வினைகளுக்குள் இவ்வளவு பரிவு இருக்க முடியும் என்பதை அவர் அதுவரை அறிந்ததில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு வாக்கியம் ஒவ்வொரு முறையும் அவரை நிறுத்திவிடும்: ‘இப்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லுங்கள்.’ அதன்கீழ் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அவர் போட்டதுதான்.

அது திங்கட்கிழமை. அன்று மதியமே கல்ஃபான் ஒரு போர்வைச் சுருளோடு வந்தார். அவர் நிறுவனத்தின் மந்தூப். விசா முதல் லேபர் கார்டு வரை அரசாங்கக் காகிதங்களையெல்லாம் முடித்துக் கொடுப்பவர். போர்வையைப் பிரித்ததும் உள்ளேயிருந்து நீளமான துப்பாக்கி ஒன்று வெளிப்பட்டது. யோலா ஆட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. இங்குள்ள அரபுக் கல்யாணங்களில் ஆண்கள் வரிசையாக நின்று, முரசுக்கேற்பத் துப்பாக்கியைச் சுழற்றி, ஆட்டம் சூடேறியதும் ஆகாயத்தில் வீசிப் பிடிப்பார்களே, அந்த ஆட்டம். சுடத் தெரியாத துப்பாக்கி. குழலில் துளையே கிடையாது. கட்டை, விசை, குதிரை எல்லாம் அசலைப் போலவே இருந்தன. கட்டையின் கழுத்தில், கை பற்றும் ஒடுங்கிய இடத்தில், சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

“சனிக்கிழமை என் தம்பி கல்யாணம்,” என்றார் கல்ஃபான். “இருபத்து நாலு வருஷமா இதைத்தான் சுத்தறேன். வேற துப்பாக்கி என் கையிலே நிக்காது.”

“பண்ணிடலாம்.”

“மேலே போய் ரெண்டா வந்துச்சுன்னா? நானூறு பேர் பாத்துக்கிட்டிருப்பாங்க, சேது பாய். துப்பாக்கி போனா போகுது. என் மானம் போயிடும்.”

சேதுமாதவன் தலையசைத்தார். பொய் இப்போது எடை கூடி, மரமும் இரும்புமாக அவர் மேசைமேல் கிடந்தது.

அன்று மாலை தொலைபேசியில் ஜெயபாரதியிடம் விஷயத்தைச் சொன்னார். “கழுத்துல விரிசல் உட்டிருக்கு. அதைக்கூட ஒட்டிரலாம். குதிரைதான் கொஞ்சம் ஆடுது.”

பின்னாலிருந்து ஷ்ருதியின் குரல் கேட்டது. “குதிரையா? அப்பா ஹார்ஸ் வாங்கிட்டாரா? சீரியஸ்லி?”

“துப்பாக்கிக் குதிரைடா கண்ணு. விசையைத் தட்டுனா முன்னால வந்து அடிக்குமே...”

“தனியா இருந்து இருந்து உங்கப்பாவுக்கு எல்லாத்துக்கும் கழுத்து முளைக்குது,” என்றாள் ஜெயபாரதி, மகளிடம் சொல்வது போல. பிறகு அவரிடம், “ஏனுங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? புஸ்தகத்தைப் படிச்சா மட்டும் போதுமுங்களா? தெரியாதுன்னு திருப்பிக் குடுத்துருங்க.”

“குடுத்துரலாம்,” என்றார். கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்ததும் புத்தகத்தை விரித்துவைத்து வேலையைத் தொடங்கினார். கட்டையின் அடிமுனையை மூடியிருந்த தகட்டைக் கழற்றியபோது உள்ளே குழிக்குள் கந்தல் துணி சுற்றிய ஈயக்கட்டி ஒன்று அகப்பட்டது. ‘முந்தைய உரிமையாளர்கள் திணித்துவைத்த அந்நியப் பொருள்களை அகற்றி, குழியைச் சுத்தம் செய்யுங்கள்’ என்றது புத்தகம். அகற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். விரிசலுக்குள் பசை செலுத்தியாயிற்று. அடுத்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்துக் கழுத்தைச் சுற்ற வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடிக்க, மற்றவர் சுற்ற வேண்டும். தனியாக இருமுறை முயன்றார். இருமுறையும் ட்யூப் விடுபட்டு அவர் கன்னத்திலேயே அடித்தது.

பசை இறுகுவதற்குள் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினார். அது மரச்சாமான் பட்டறை. அங்கே தச்சராக இருந்த சோலைமுத்துவை, டீ வண்டியருகே வணக்கம் சொல்லும் அளவுக்கு அவர் அறிவார். பரமக்குடிப் பக்கத்துக்காரர்.

“சோலைமுத்து, ஒரு அஞ்சு நிமிஷம். ஒண்ணைப் பிடிச்சுக்கணும்.”

வந்து பார்த்த சோலைமுத்து இரண்டடி பின்னால் நகர்ந்தார். “ஆத்தாடி! என்ன சார், எங்க கேம்புல எல்லாரும் கேரம் போர்டு வாங்குறாக, நீங்க துப்பாக்கி வாங்கியிருக்கீக?”

“இது சுடாது. ஆடறதுக்கு. சீக்கிரம் பிடிங்க.”

பிடித்துக்கொண்டபடியே சோலைமுத்து திறந்திருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தார். “இங்கிலீஷா? என்ன போட்டுருக்கு?”

“மறுமுனையைப் பிடிக்க நண்பரைக் கூப்பிடுன்னு போட்டிருக்கு.”

“அடேயப்பா. அதைக்கூடவா பொஸ்தகத்துல எழுதுவாக?” சோலைமுத்து வாய்விட்டுச் சிரித்தார். “நாங்க மரத்த ஒட்டுனா, ‘டேய் இங்க வாடா’ம்போம். வந்துருவான். எழுதுனவருக்கு ஊர்ல ஆளு இல்ல போல.”

சேதுமாதவன் ட்யூபைச் சுற்றினார். அந்த நூலாசிரியரைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. ஒருவேளை அந்த மனிதரும் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, இல்லாத ஒரு நண்பரை வாக்கியத்துக்குள் வரவழைத்திருக்கலாம். ட்யூபின் கடைசிச் சுற்றில் முடிச்சுப் போட்டார். ஐந்து நிமிடம் முடிந்தது. சோலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை ட்யூபை அவிழ்த்தபோது விரிசல் இருந்த இடத்தை விரலால் தடவித் தேட வேண்டியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் ஏற்றினார். கட்டையின் நடுப்பகுதியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வழவழப்பான பள்ளம் இருந்தது. அதையும் சமன்படுத்திவிடலாம் என்று தாளை வைத்தவர், புத்தகத்தின் சொல்லொன்று நினைவுக்கு வர, கையை எடுத்துக்கொண்டார்: ‘கை தேய்த்த இடத்தை விட்டுவிடுங்கள். அது உங்களுடையதல்ல.’

வியாழக்கிழமை கல்ஃபான் வந்து, வண்டி நிறுத்துமிடத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப்போனார். விரிசலைத் தேடினார், காணாமல், நாக்கைச் சொடுக்கி வியந்தார். பிறகு ஒருமுறை சுழற்றினார். துப்பாக்கி நொண்டியது. முன்முனை தாழ்ந்து, சுற்று முடியுமுன் கையைவிட்டு நழுவப் பார்த்தது. கல்ஃபான் அதை மார்போடு அணைத்துப் பிடித்தார்.

“மீஸான் மாஃபி,” என்றார். துலாக்கோல் இல்லை, சமன் இல்லை. “உள்ளே இருந்த ஈயம் எங்கே?”

சேதுமாதவன் ஆய்வகத்துக்குள் ஓடினார். தொட்டி காலியாக, புதிய பையோடு இருந்தது. காலையிலேயே துப்புரவு வண்டி வந்து போயிருந்தது.

அவர் திரும்பி வந்து சொன்னதைக் கல்ஃபான் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “அந்த எடையை ஆறு மாசம் கூட்டிக் கொறச்சு வெச்சேன்,” என்று மட்டும் சொன்னார். பிறகு, “நீ எத்தனை துப்பாக்கி சரி பண்ணியிருக்கே, சேது பாய்?”

“இதுதான் முதல்.”

கல்ஃபான் காரின் கதவைத் திறந்தார். துப்பாக்கியைக் காரின் பின்னிருக்கையில் வைக்கப்போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி அதை அவர் கையிலேயே கொடுத்தார். “நாளைக்கு ஜும்மா முடிஞ்சு வர்றேன். ஆகலைன்னா கலாஸ், நான் ஆடலை.”

வெள்ளிக்கிழமை அரைநாள் டியூட்டி. புத்தகத்தில் சமநிலை பற்றிய அத்தியாயம் இருந்தது. அது தோளில் தாங்கிச் சுடுவதற்கான சமநிலை. கைவிரலில் சுழன்று ஆகாயத்தில் ஏறும் துப்பாக்கியை அந்த ஆசிரியர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். சேதுமாதவன் முதல்முறையாகப் புத்தகத்தை மூடிவைத்தார். எந்தப் புள்ளியில் இது சமன்பட வேண்டும்? கல்ஃபானின் கைக்குத் தெரியும். அவரைக் கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது. கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தவரின் விரல் அந்த வழவழப்பான பள்ளத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது.

இருபத்து நான்கு வருடம் ஒரே இடத்தில் சுழன்றால்தான் மரம் அப்படித் தேயும்.

அதன்பிறகு எல்லாம் அவர் தொழில். ஓர் எஃகுப் பட்டையின் விளிம்பைப் பள்ளத்துக்கு நேர்கீழே நிறுத்தி, துப்பாக்கியை அதன்மேல் கிடத்தினார். முன்முனை சாய்ந்தது. சான்றளிக்கப்பட்ட எடைகளை அடிக்கட்டையின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். இருநூற்றுப் பதினைந்து கிராமில் அது நிமிர்ந்து, மூச்சு விட்டால் அசையும்போலச் சமனாக நின்றது. ஆனால் குழிக்குள் வைக்க ஈயத்துக்கு எங்கே போவது?

டீ வண்டியருகே நின்ற சோலைமுத்து கேட்டதும் சொன்னார். “அட, டயர் கடையில வீலுக்குப் பேலன்ஸ் பாக்க ஈயம் ஒட்டுறாகல்ல? சும்மாவே அள்ளித் தருவாக. வாங்க, நம்ம பய ஒருத்தன் அங்கதான் நிக்கிறான்.”

டயர் கடை ஈயத்தை நறுக்கி, எடை போட்டு, தமது பழைய பனியனைக் கிழித்துச் சுற்றிக் குழிக்குள் வைத்து, சேதுமாதவன் அடிமுனைத் தகட்டை மூடினார். மூன்று மணிக்குக் கல்ஃபான் வந்தார். ஒருமுறை சுழற்றினார். பிறகு இன்னொரு முறை, வேகமாக. துப்பாக்கி அவர் கையில் விசிறியின் இறக்கை போலக் கலங்கித் தெரிந்தது. அவர் அதை மேலே வீசவில்லை.

“நாளைக்கு வீசறேன். நீயும் வா,” என்றார்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்கும் நேரத்தில், சேதுமாதவன் இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தத் திறந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோலைமுத்துவை அழைத்திருந்தார், அவருக்கு ஓவர்டைம். எதிரே வெள்ளை உடுப்பில் முப்பது பேர் இரு வரிசையாக நின்றார்கள். வெள்ளை உடுப்பிலும் தலைத்துணியிலும் கல்ஃபானை அடையாளம் காண்பதே கடினமாயிருந்தது. முரசு வேகமெடுத்தது. முதல் துப்பாக்கி எழுந்தது, அடுத்து மூன்று, அதன்பின் ஏழெட்டு ஒன்றாக, சூரியனுக்கு நேரே கறுத்துச் சுழன்றன. சேதுமாதவன் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். ஏதாவது ஒன்று நொண்டும், ஏதாவது ஒன்று கழுத்தில் ஒடியும் என்று பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல ஏறின. ஒன்றுபோல இறங்கிக் கைகளில் வந்து அமர்ந்தன. கூட்டம் ஆரவாரித்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்த பெரியவர் இந்தியில் கேட்டார்: “உங்களுக்கு இங்கே யார் சொந்தம்?”

சேதுமாதவன் ஆகாயத்தைக் காட்டினார். “அதில் ஒன்றை நான் சரிசெய்தேன்.”

“எதை?”

அவரால் சொல்ல முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கல்ஃபானைச் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்துக்கு மேலாக அவர் துப்பாக்கியை ஒருமுறை உயர்த்தினார். அது யாருக்காக என்று தெரியவில்லை. சேதுமாதவனும் கையை உயர்த்தினார். பிறகு சாப்பாட்டுத் தட்டோடு பத்து நிமிடம் இருந்துவிட்டு, காருக்குப் போய் உட்கார்ந்து, தாம் எடுத்த காணொளியை வீட்டார் மூவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்.

ஜெயபாரதியின் பதில் உடனே வந்தது. ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்களே. எதுங்க நீங்க பண்ணது?’

அவர் காணொளியை நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தட்டினார்: ‘மூணாவதா மேலே போகுது பாரு, அது.’

பொய்தான். ஒரு வாரத்தில் இரண்டாவது. மறுமுனையில் ஏதோ தட்டுவதாகக் காட்டிய குறி தோன்றியது, மறைந்தது, மீண்டும் தோன்றியது. வந்தது ஷ்ருதியிடமிருந்து. எழுத்து ஒன்றும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் குதிரைப் படம் மட்டும்.

மைதானத்தில் முரசு மறுபடி தொடங்கியிருந்தது. சேதுமாதவன் வண்டியைக் கிளப்பாமல், அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.