எட்டாவது முறையும் இல்லை

எட்டாவது முறை இரண்டு காசுகளும் வெள்ளையாக விழுந்தன. பழைய செப்புக் காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவியது. தட்டில் ஒன்று வெள்ளையும் ஒன்று செம்புமாக விழுந்தால் செத்தவர் ஆம் என்கிறார். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று வீச்சுதான். ஒவ்வொரு வீச்சிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எட்டு முறையும் இல்லை என்றே விழுவது இருநூற்றைம்பதில் ஒன்றுகூட வராது. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

ஹா தியென் ஊருக்கு மேலே, குன்றில், ஒரு காலத்தில் ஊரை ஆண்ட மாக் பிரபுக்களின் கல்லறைகள் ஏறக்குறைய முந்நூறு வருடமாக அசையாமல் இருக்கின்றன. காரணம் எளிது. ஒவ்வொன்றின் பின்னாலும் லாட வடிவில் ஒரு சுவர் உண்டு. மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் அதில் முட்டி, இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் இறங்கிவிடும். அப்படி இறங்கும் வழியில்தான் அம்மா இருக்கிறாள். போன மழையில் அவள் தலைமாட்டில் ஒரு முழம் மண் சரிந்துவிட்டது. இந்த மழைக்கு முன் எலும்புகளை எடுத்து வேறிடத்தில் வைத்தாக வேண்டும்; அதற்கு அவள் ஆம் என்று சொல்ல வேண்டும். அவள் பிறந்த ஊரான ராக் யாவில், அவளைப் பெற்றவளுக்குப் பக்கத்தில், அண்ணன் இடம் பார்த்துவிட்டான். சாகும்போது அம்மா கேட்டதும் அந்த இடத்தைத்தான். அப்பாதான் கேளாமல் இங்கே வைத்துக்கொண்டார், தினமும் சாயங்காலம் வந்து போகலாமென்று. பிறகு ஏன் வரமாட்டேன் என்கிறாள்?

குழி தோண்டும் தோவான் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான். "அத்தை உசுரோட இருந்தப்பவே எதுக்கும் சட்டுனு சரின்னு சொன்னதில்ல. மாமா, எனக்கு நாளைக்கு இன்னொரு ஆள் வேற காத்திருக்காரு."

"உன் ஆளு எங்கடா எந்திரிச்சு ஓடிடப் போறான்?" என்றார் அப்பா.

அவரால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஊதுபத்தியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டார். தட்டை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். மூன்று நாளும் தள்ளி நின்றே பார்த்த நான், இம்முறை மண்டியிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். காசுகளைக் கைக்குள் குலுக்கியபடி அவர் முணுமுணுத்தது அப்போதுதான் காதில் விழுந்தது.

"லியூ, உன்ன இங்கயே வெச்சுக்கிட்டேனே. கோவமா இருக்கியா?"

இரண்டும் செம்பு.

"பாத்தியா, மறுபடியும் மாட்டேங்கறா."

"அப்பா, மூணு நாளும் இதையேதான் கேட்டீங்களா?"

"வேற என்னத்தக் கேக்கறது?"

"வர்றியான்னுல்ல கேக்கணும். நீங்க கோவமான்னு கேட்டிருக்கீங்க. ஒம்போது தடவையும் அம்மா இல்லன்னு சொல்லியிருக்கா."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோவான் மண்வெட்டியை நிமிர்த்திப் பிடித்தான். "அப்ப இன்னொருக்கா போடுங்க மாமா. வர்றியான்னு."

"இன்னிக்கு மூணும் ஆயிடுச்சு."

"மழை வந்துடும்பா," என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க."

பத்துப் படி இறங்கியிருப்போம். பின்னால் காசுகள் தட்டில் விழும் சத்தம். உடனே இன்னொரு முறை. இன்னொரு முறை. திரும்பிப் பார்த்தேன். அப்பா காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டிருந்தார். தூறல் தொடங்கியிருந்தது. ஒரு கையால் தொப்பியைத் தட்டுக்குமேல் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதற்கடியில் வீசினார். எப்படி விழுந்தது என்று பார்க்காமலே அள்ளி, மறுபடி வீசினார். உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.